இறங்குவதற்கு ஒரு கல்

கண்டி வாவிக்கு மேலே உள்ள காட்டில் நான் ஓவசியராக இருந்த ஆறு வருஷத்தில், அந்த மனிதரைத் தரையில் நிற்க ஒரு தடவைகூடக் கண்டதில்லை. சைக்கிளில் இருப்பார், இல்லாவிட்டால் கல்லின் மேல் இருப்பார். மூன்றாவதாக ஓர் இடம் காட்டுக்குள் அவருக்குக் கிடையாது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. அவருடைய ஊனமான காலை வைத்து ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். அதை இங்கே எழுதினால் எனக்குத்தான் கேவலம். நான் நானா என்று கூப்பிட்டேன். கண்டியில் முஸ்லிம் பெரியவர் ஒருவரை மரியாதையோடு அழைக்க அந்த ஒரு சொல் போதும். அப்படியே எழுதுகிறேன்.

நானா தையற்காரர். காட்டின் கீழ் வாசலுக்கு எதிரே இறங்கும் சந்தில், நாலு படி ஏறிப் போக வேண்டிய ஒரு சின்னக் கடை. துரைமார் குதிரையேறப் போடும் களிசான் இருக்கிறதே, தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே இறுகிப் பிடிப்பது, அதை அவரைப் போலத் தைக்கக் கண்டியில் ஆள் இல்லை என்பார்கள். கால் சரியில்லாதவர் காலுக்கு உடுப்புத் தைப்பதில் கெட்டிக்காரர் என்று யாராவது சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு அந்த ஆளுடைய உடுப்பை ஒரு மாதம் இழுத்தடிப்பார்.

இடது கால் சிறு வயதுக் காய்ச்சலில் சூம்பிப் போனது. நடந்தால் இரண்டு கைக்கும் இரண்டு கட்டை வேண்டும். அப்படி நடப்பதைச் சந்துக்குள் மட்டும்தான் செய்வார். மற்ற இடத்துக்கெல்லாம் சைக்கிள். சூம்பிய காலைத் தாங்க, சைக்கிள் சட்டத்தில் கித்தான் துணியால் ஒரு தூளி தைத்துக் கட்டியிருந்தார். வலது காலை மிதிகட்டையோடு சேர்த்துத் தோல் வாரால் பூட்டிக்கொள்வார். அப்படிப் பூட்டினால்தான் அந்த ஒரே காலால் மிதிக்கவும் முடியும், மேலே இழுக்கவும் முடியும். கடைப் படியில் சைக்கிளைச் சாய்த்து, ஏறி உட்கார்ந்து, வாரைப் பூட்டி, படியைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளுவார். அவ்வளவுதான். அதன் பிறகு அவருக்கு யாரும் தேவையில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. நின்றால் ஊன்றக் கால் இல்லை. சாய்ந்துகொள்ள ஒரு படியோ கல்லோ இருந்தால்தான் நிற்கலாம்.

டவுனில் உள்ள திருகோணமலை வீதியில் அவர் விழுந்ததை நானே பார்த்தேன். முன்னால் போன மாட்டுக் கரத்தை திடீரென்று நின்றது, பின்னால் பஸ் ஒன்று ஊதிக்கொண்டு வந்தது. ஒதுங்க இடமில்லாமல் சைக்கிளோடு சரிந்தார். பஸ்ஸின் சக்கரம் அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நாலு பேர் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் போனார்கள். அப்போது அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"கை வெக்காதீங்க. ஒருத்தரும் கை வெக்காதீங்க."

வீதியில் இருந்தபடியே வாரைக் கழற்றி, உட்கார்ந்த வாக்கில் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு ஒரு கடைப் படிவரை போனார். இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரம் முழுக்கச் சேறு. போலீஸ்காரன், பஸ்காரன், கூட்டம் எல்லோரும் காத்து நின்றார்கள். சின்ன வயதில் பள்ளிவாசலுக்கும் கலியாண வீட்டுக்கும் அவரை இப்படித்தான் சாக்கு மூட்டை மாதிரித் தூக்கிப் போனார்களாம். பதினைந்து வயதில், இனிமேல் என்னைத் தூக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். இதை அவரே ஒருநாள் களிசானுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னார்.

அதனால்தான் காடு. எங்கள் காட்டுப் பாதைகளில் மோட்டார் வராது, கரத்தை வராது, ரிக்‌ஷாவும் வராது. எல்லாம் கிரவல் என்கிற சரளை மண் போட்டு இறுக்கிய பாதைகள். கீழ் வாசலிலிருந்து ஏறிப் போனால் மேலே ஒரு குட்டை, அதைச் சுற்றி ஒரு வட்டப் பாதை. வட்டத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன வாசல். அதற்கு வெளியே துரைமார் பங்களாக்கள். வாசலுக்குப் பக்கத்தில், குதிரை ஏறவும் இறங்கவும் யாரோ ஒரு காலத்தில் போட்டு வைத்த மூன்று படிக் கருங்கல் ஒன்று. கீழே கடைப் படியில் ஏறுபவர் மேலே அந்தக் கல்லில்தான் இறங்குவார். நடுவில் நிற்கச் சொல்ல யாரும் இல்லை.

அந்தக் கல்தான் அவருக்கு இரண்டாவது கடை. பங்களாக்களில் வேலை செய்யும் அப்புமார் அங்கே வந்து தைத்த உடுப்பை வாங்கிப் போவார்கள். அளவு கொடுக்கத் துரைமாரே வருவார்கள். நானா ஆசனத்தை விட்டு எழ மாட்டார். சைக்கிளைக் கல்லில் சாய்த்துக்கொண்டு நாடாவை நீட்டுவார். அளவு கொடுக்கிற துரை கல்லின் மேல் ஏறி நிற்க வேண்டும். "இன்னும் ஒரு படி" என்று இங்கிலீஷில் சொல்வார். அவருக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அதுதான் மிகத் தெளிவாக இருக்கும். ஏக்கர் கணக்கில் தேயிலைத் தோட்டம் ஆள்கிற மனிதர்கள் அவர் சொன்ன படியில் ஏறி, இடுப்பில் கை வைத்து, அசையாமல் நிற்பார்கள். எனக்குப் பார்க்கப் பயமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

எனக்கும் அவருக்கும் முதலில் சண்டைதான். என்னிடம் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். ஹேவாஹெட்ட, கலஹாப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வந்து டவுனில் தங்கிவிட்ட நம்முடைய ஆட்கள். விடிந்ததும் இரும்புப் பல் வைத்த வாரியால் பாதையை வாருவது அவர்களுக்கு முதல் வேலை. தங்கள் காலடியே தெரியக்கூடாது என்று பின்னோக்கி நடந்தபடி வாருவார்கள். முடிந்ததும் கிரவல் சீவிய தலை போலப் படிந்து கிடக்கும். அதில் எனக்கு இருந்த பெருமை, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்தப் பெருமையின் நடுவே தினமும் ஒரு சைக்கிள் கோடு. ஒற்றைக் காலால் மிதிப்பதால் நேராக இராது. ஒரு மிதிக்கு வலப்பக்கம் வளையும், பிறகு நிமிரும், மறுபடி வளையும். கண்டியில் எத்தனை சைக்கிள் ஓடினாலும் அந்தக் கோடு ஒருவருடையதுதான்.

"நானா, கொஞ்சம் ஓரமாப் போகக் கூடாதா? இப்பத்தான் வாரி முடிச்சாங்க" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓரத்தால போனா நான் வந்தது யாருக்குத் தெரியும், ஓவசியர் தம்பி?" என்று கேட்டுவிட்டு, நடுப்பாதையில் வளைந்து வளைந்து போனார்.

அந்தக் காலத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரே துரை குதிரையில் வந்தால், சைக்கிளில் போகிறவன் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பான். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. கிளாக்கர் இறங்குவார், தபால்காரன் இறங்குவான், கோட்டுப் போட்ட முதலாளிமாரும் இறங்குவார்கள். நானும் இறங்குவேன். நானா மட்டும் வேகத்தைக் குறைத்து, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சலாம் வைத்துவிட்டுத் தன் பாட்டில் போவார். காலைப் பார்த்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இரண்டு காலும் நன்றாக இருந்திருந்தாலும் அவர் இறங்கியிருக்க மாட்டார்.

ஆறாவது வருஷம், காட்டையும் பாதைகளையும் மேற்பார்க்கப் புதிதாக ஒரு துரை வந்தார். வந்த முதல் வாரமே நானாவின் சலாம் அவருக்குக் கிடைத்தது. என்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். காலைப் பற்றிச் சொன்னேன். இறங்க முடியாதவன் ஏறக்கூடாது என்றார். மறுநாள் பாதையில் சைக்கிளே கூடாது என்று உத்தரவு வந்தது. தினமும் காலையில் வாரிய கிரவலைப் பார்த்து, சைக்கிள் தடம் உண்டா இல்லையா என்று நான் எழுதி அனுப்ப வேண்டும்.

நானாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மறுநாளும் வந்தார்.

நான் என்ன செய்தேன் என்றால், அவர் போன பிறகு ஆட்களை விட்டு இரண்டாந் தரம் வாரச் சொன்னேன். கோடு அழிந்தது. 'தடம் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் இப்படியே நடந்தது. அவருக்குப் பெரிய உதவி செய்கிறேன் என்று என் மனதில் ஓர் எண்ணம். யார் சொன்னார்களோ, அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"என்ட கோட்ட அழிக்கச் செல்லி ஒங்களுக்கு யார் செல்லின?"

"உங்களுக்காகத்தான் நானா. தொரைக்குத் தெரிஞ்சா கேட்டை மூடிருவாரு."

"வந்த மனிசன வரல்லண்டு எழுதுறீங்க. அதுக்குப் பேரு உதவியா? மூடுறண்டா மூடட்டும். நான் வந்தண்டு எழுதுங்க."

நான் எழுதவில்லை. எனக்குப் பயம். வேலை போனால் டவுனில் வேறு வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் அழித்தேன்.

துரை முட்டாள் இல்லை. ஒரு காலையில் நாங்கள் இரண்டாந் தரம் வாருமுன் வந்து கோட்டைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். என்னைத் திட்டியதை விடுங்கள். குதிரைக்காரனை விசாரித்து, அந்த ஆள் கல் இல்லாமல் இறங்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டார். அன்று பின்னேரமே கல்லை அகற்றும்படி எனக்கு உத்தரவு. எட்டுப் பேரும் நெம்ப இரண்டு இரும்பு அலவாங்கும் கயிறும் கொண்டுபோய், கல்லைப் பெயர்த்து, முப்பது அடி தள்ளி மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானுக்குள் உருட்டினோம். கல் இருந்த இடம் ஈரமாக, சிவப்பாகக் கிடந்தது. ஆட்கள் அலவாங்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். திரும்பி வரும்போது நானாவின் கடையைத் தாண்டித்தான் வந்தேன். உள்ளே விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வந்தேன். என் ஆயுளில் நான் வெட்கப்படுகிற விஷயங்களில் அதுதான் முதலாவது.

மறுநாள் காலை துரை குதிரையில் வந்து குட்டைக்கரையில் காத்திருந்தார். நானா கீழ் வாசலைத் தாண்டியதும் காவல்காரன் சங்கிலியைப் போட்டுவிட வேண்டும், மேல் வாசலும் பூட்டியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே உத்தரவு. நானும் ஆட்களும் வாரிகளோடு ஓரத்தில் நின்றோம்.

மேட்டில் நானா வளைந்து வளைந்து ஏறி வந்தார். பின்னால் கட்டிய பெட்டியில் உடுப்பு. வட்டப் பாதையில் திரும்பி, கல் இருந்த இடத்துக்கு வந்தார். ஒரு கணம் வேகம் குறைந்தது. பள்ளத்தைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தது மற்ற இரண்டையும்விட அதிக நேரம். மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது, இறங்கச் சொல் என்றார் துரை. நான் சொன்னேன். இரண்டு கேட்டும் பூட்டியாயிற்று என்று சேர்த்துச் சொன்னேன். அவர் போகிற போக்கில் பதில் சொன்னார். நான் ஓரத்தில் நின்றதால் அவர் என்னைக் கடக்கும் நேரத்துக்குள் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

"கல்ல எடுத்தீங்க. கேட்ட பூட்டினீங்க."

அடுத்த சுற்றில் மிச்சத்தைச் சொன்னார்.

"எங்க எறங்கிறண்டு தொரைக்கிட்டக் கேட்டுச் செல்லுங்க."

நான் இங்கிலீஷில் சொன்னேன். துரையின் முகம் சிவந்தது. அந்த ஆளைப் பிடித்து இறக்கச் சொன்னார். எட்டுப் பேருக்கும் உத்தரவைத் தமிழில் சொன்னேன். அவர்கள் வாரியைப் பிடித்தபடி நின்றார்கள். மூத்தவன் கிரவலைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "நாங்க பாதை வார்ற ஆளுங்க, ஐயா. மனுசன் மேல கை வைக்கிற வேலை எங்களுக்குத் தரல" என்றான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதன், ஒரு துரைக்கு முன்னால் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவன் சொன்னதை நான் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை. அவர்கள் போகவில்லை என்பதே போதுமாக இருந்தது.

நானா சுற்றிக்கொண்டே இருந்தார். ஆறு, ஏழு, எட்டு. வெயில் மரங்களைத் தாண்டி வந்துவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாரிய கிரவலில் அதே கோட்டின் மேல் அதே கோடு விழுந்து விழுந்து தடம் ஆழமாகியது. வளைவு வரவரப் பெரிதானது. களைத்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுவார். விழுந்தால் துரைக்கு வேண்டியது நடந்துவிடும். எல்லோர் முன்னாலும் தரையில் கிடப்பார், யாராவது தூக்குவார்கள்.

அந்த எண்ணம்தான் என் வாயைத் திறந்தது. தைரியம் என்று சொல்ல மாட்டேன். துரையிடம் போய், அவர் கட்டாயம் இறங்குவார், இறங்க ஏதாவது இருந்தால் என்றேன். கல் பக்கத்தில்தான் கிடக்கிறது என்றேன். துரை குதிரையின் கழுத்தைத் தட்டினார். அந்த ஆள் இறங்குவதைப் பார்க்காமல் போக அவருக்கும் மனம் இல்லை. வைத்துத் தொலையுங்கள் என்றார்.

நேற்றுக் கல்லைத் தள்ள இரண்டு மணி நேரம் எடுத்த அதே எட்டுப் பேர், இன்று மேட்டில் இழுத்துவர அதில் கால்வாசிகூட எடுக்கவில்லை. நானும் போட்டிருந்த கோட்டைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நானா எங்களைக் கடந்து போனார். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஒரு சுற்றில், "மெல்லமாச் செய்யுங்க, அவசரமில்ல" என்றார். பொய். சைக்கிள் பாதையின் ஓரம்வரை சரிந்து சரிந்து மீண்டது.

கல் பள்ளத்தில் உட்கார்ந்தது. நானா வந்தார், சாய்ந்தார். கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு வாரைக் கழற்றினார். தூளியிலிருந்து காலை எடுத்தார். மேல் படியில் ஏறி உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கல்லின் மேல் இருந்தவருக்கும் குதிரையின் மேல் இருந்தவருக்கும் உயரம் ஏறக்குறையச் சரியாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எறங்கிட்டன் தொர" என்றார் நானா. "இப்ப ஏறட்டா?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் குறைக்கவில்லை. துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு மேல் வாசலுக்குப் போனார். அது பூட்டியிருந்தது. அவர் உத்தரவுதான். கூப்பிட்ட சத்தம் கேட்டு, கீழ் வாசல் சங்கிலியையும் கழற்றிவிட்டு, சாவியோடு காவல்காரன் கீழிருந்து ஓடிவரும் வரை, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குதிரையிலேயே இருந்தார். நானா அதற்குள் வாரைப் பூட்டி, கல்லைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளி, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

கல்லை வை என்று எனக்கு உத்தரவு இருந்தது. அதன் பிறகு எடு என்று யாரும் சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆட்கள் வாரி முடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நானா வந்தார். என்னைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை, பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். அவர் போன பின் நடுப்பாதையில் அந்தக் கோடு, வலப்பக்கம் வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்து, குட்டைவரை கிடந்தது. மூத்தவன் வாரியை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். இருக்கட்டும் என்றேன். பிறகு கல்லில் போய் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து, 'தடம் உண்டு' என்று எழுதினேன்.